நானூற்று ஐம்பத்தைந்தா, முந்நூற்று எண்பதா

என் போலீஸ் வேலைக்காலத்தில் நான் யாரையும் துரத்திக்கொண்டு ஓடியதில்லை. என் வேலை அப்படிப்பட்டது. கேம்ப்பின் ஆயுதக் கிடங்கில் நான் கான்ஸ்டபிள். துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போடுவது, தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்றுவது, கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்ததும் பூட்டி வைப்பது. கொச்சி மட்டாஞ்சேரியில் அத்தாவின் பூட்டுக்கடையில் அரத்தோடும் முறுக்காணியோடும் வளர்ந்தவன் என்பதால்தான் அந்த வேலைக்கு என்னைப் பொறுக்கினார்கள். ஆனாலும் ஐம்பதுகளின் கடைசியில், கர்க்கடக மாத மழை சற்றே விட்டிருந்த ஒரு முற்பகலில், பஜார் தெரு முழுக்க நான் ஓடினேன். சட்டைக்குள் பன்னிரண்டு தோட்டாக்கள் இருந்தன. எதிரில் வந்தவர்களெல்லாம் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

நடந்தது இதுதான். படகுத்துறையில் ஒரு வள்ளத்திலிருந்து இறக்கும்போது ஒரு எருமைக்கடா கயிற்றை அறுத்துக்கொண்டது. கசாப்புக்கு வந்த மாடு. அது பஜார் தெருவுக்குள் புகுந்து ஒரு கைவண்டியைக் கவிழ்த்தது. சுமை தூக்கும் ஒருவரை முட்டிச் சாக்கடையில் தள்ளியது. பிறகு சுக்குக் கிடங்குகளின் முன்னால் நின்றுகொண்டு யாரையும் நகரவிடவில்லை. கேம்ப்புக்கு டெலிபோன் வந்தது. எங்கள் சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தார். பாலக்காட்டுக்காரர், ஒல்லியான மனிதர். என்னிடம் தமிழிலேயே பேசுவார்.

"சீக்கிரம் எடுங்கோ. ரிவால்வர் ஒண்ணு, ரவுண்டு ஒரு பாக்கெட்."

"பெருசா சார், சிறுசா?"

"மாடுன்னா பெருசுதான்!"

பெருசு, சிறுசு என்று நாங்கள் சொன்னது துப்பாக்கியின் காலிபரை. குழலின் வாய் எத்தனை அகலம் என்ற கணக்கு அது. ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காக வகுத்தால் அதில் நானூற்று ஐம்பத்தைந்து பங்கு வாயகலம் உள்ளது பெருசு. முந்நூற்று எண்பது பங்கு உள்ளது சிறுசு. மலையாளிப் போலீஸ்காரர்கள் வலியது, செறியது என்பார்கள். கேரளா என்று ஒரே மாநிலமான பிறகு, முன்பு தனித்தனியாக இருந்த ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் அந்தந்தப் பக்கத்துப் பழைய துப்பாக்கிகள் எங்கள் கிடங்குக்கு வந்து குவிந்திருந்தன. இவை போதாதென்று அங்குலத்தில் நூற்றுக்கு முப்பத்திரண்டு பங்கு வாயுள்ள குட்டி ரகமும் நாலைந்து கிடந்தது.

பெரிய ரிவால்வரை எடுத்தேன். அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார், பறந்தார்.

அலமாரிக் கதவை மூடும்போதுதான் என் கண்ணில் அது பட்டது. இரண்டு நாள் முன்பு ஓடு ஒழுகியதால் எல்லாப் பாக்கெட்டுகளையும் தட்டு மாற்றி வைத்திருந்தேன். எல்லாமே பன்னிரண்டு தோட்டா கொண்ட பழுப்புக் காகிதப் பொட்டலம். ஈரத்தில் பாதிப் பொட்டலங்களின் சீட்டு உரிந்து போயிருந்தது. நான் கைவைத்து எடுத்த தட்டு பெருசின் தட்டு இல்லை. சிறுசின் தட்டு.

சரியான பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். தடித்த தோட்டாக்கள்தான், சந்தேகமில்லை. அதைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, கிடங்கைப் பூட்டிச் சாவியைக் காவல்காரர் கையில் கொடுத்துவிட்டு ஓடத் தொடங்கினேன். பூட்ஸ் நனைந்த கல்லில் வழுக்கியது. மிளகு மூட்டைகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே புகுந்து புகுந்து ஓடினேன். அத்தாவின் கடையைத் தாண்டியபோது அவர் எழுந்தே விட்டார்.

"டேய், எங்கடா ஓடறே? தொப்பி எங்கே?"

"வந்து சொல்றேன் அத்தா!"

கிடங்குகளின் முன்னால் தெரு காலியாக இருந்தது. ஜனமெல்லாம் மாடி ஜன்னல்களிலும் மூட்டைகளின் மேலும் ஏறி நின்றது. எருமைக்கடா நடுத்தெருவில் தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கவிழ்ந்த கைவண்டிக்குப் பின்னால் சப்-இன்ஸ்பெக்டர் ரிவால்வரை நடுவில் மடித்துத் திறந்து தோட்டா போட்டுக்கொண்டிருந்தார். போட்ட தோட்டா துளைக்குள் போனது, மறுபக்கமாக வெளியே வந்து தெருவில் விழுந்து உருண்டது. இன்னொன்றைப் போட்டார். அதுவும் விழுந்தது. மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"இதென்ன எழவு! இந்தப் பக்கம் போட்டா அந்தப் பக்கம் விழறது!"

"சார்! அது சிறுசு சார்! இந்தாங்க பெருசு!"

நான் பொட்டலத்தை எறிந்தேன். அவர் பிடித்தார். மாடும் என் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தது. அவர் மூன்று தோட்டாக்களைப் போட்டு மூடி, கையை நீட்டினார். ஆனால் சுடவில்லை. மாட்டுக்குப் பின்னால் சுக்குப் பொறுக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் கிடங்கு வாசலில் ஒடுங்கி நின்றார்கள். குறி தவறினால் குண்டு அவர்களுக்கு. அவர் பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக நகர்ந்து, மாட்டுக்குப் பின்னால் தண்ணீர் தெரியும் இடத்துக்கு வந்தார். இப்போது அவருக்கு முன்னால் கைவண்டி இல்லை. மாடு பாய்ந்தது.

விசையை அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அந்த ஒல்லி உடம்பு எப்படி அப்படி எம்பியது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. தலை உயரத்துக்கு அடுக்கியிருந்த சுக்கு மூட்டைகளின் மேல் இருந்தார். மாடு மூட்டையில் மோதி நின்ற அந்தக் கணத்தில் சுமைக்காரர்கள் நாலு பேர் ஒரு தார்ப்பாயை விரித்து அதன் தலைமேல் போட்டார்கள். கண் மறைந்ததும் அது திகைத்தது. கொம்பில் கயிறு விழுந்தது. அரை நிமிடத்தில் படகு கட்டும் தூணோடு கட்டிவிட்டார்கள். தெரு முழுக்கக் கூச்சல். எனக்குச் சிரிப்பு வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. துப்பாக்கி முனையைத் தண்ணீர்ப் பக்கமே வைத்துக்கொண்டு மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தார். நமத்த தோட்டா சில சமயம் தாமதமாக வெடிக்கும். கொஞ்ச நேரம் பொறுத்துத் திறந்து பார்த்தார். தோட்டாவின் அடியில் சுத்தியல் குத்திய பள்ளம் நன்றாகவே விழுந்திருந்தது. உள்ளே மருந்து செத்திருந்தது.

"மொதல்ல தந்தது துப்பாக்கிக்குச் சேரலை. ரெண்டாவது தந்தது வெடிக்கலை," என்றார் என்னிடம். "நாளைக்குப் பெரியவர் ரெண்டு பேரையும் கூப்பிடுவார். என்ன சொல்லப் போறீங்கோ?"

"நடந்ததைச் சொல்லுவேன் சார்."

பெரியவர் என்றால் எங்கள் சூப்பிரண்டு. அதிகம் பேசாத மனிதர். மறுநாள் அவர் மேசை முன்னால் விறைப்பாக நின்று, தட்டு மாறியது என் தப்பு என்று சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் கையை நீட்டி, "எத்தனை அளவு வெச்சிருக்கே? ஒண்ணொண்ணு கொண்டு வா," என்றார்.

மூன்று தோட்டாக்களை மேசைமேல் நிற்க வைத்தேன். அவர் அவற்றை வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு கேம்ப்புக்கு மூணு அளவு. நீ இல்லேன்னா வேற ஒருத்தன் இந்தத் தப்பைச் செய்வான். ஆனா செஞ்சது நீ. சர்வீஸ் புத்தகத்தில் எச்சரிக்கை எழுதுவேன்."

"சரி சார்."

"எந்த அளவு வேணும்னு தலைமையிடத்துக்கு நான் எழுதணும். சும்மா எழுத மாட்டேன். சுட்டுப் பார்த்து எழுதுவேன். நீயும் இருக்கணும்."

அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எச்சரிக்கை வாங்கியவன் இத்தனை சந்தோஷமாக நடந்து போனதைப் பார்த்துக் காவல்காரரே கேட்டுவிட்டார், பிரமோஷனா என்று.

முதலில் கிடங்கிலிருந்த எல்லாத் தோட்டாக்களையும் பிரித்துப் பரப்பினேன். கொச்சியின் உப்புக்காற்று எதையும் விடாது. பெருசில் பாதிக்குமேல் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சிறுசு பின்னால் வந்த சரக்கு என்பதால் பெரும்பாலும் மஞ்சளாகவே மின்னியது. குட்டி ரகத்துக்கு இருந்த தோட்டாக்கள் இரண்டு கைக்குள் அடங்கிவிட்டன. அதை அன்றே பட்டியலிலிருந்து தூக்கினோம்.

மிச்சம் இரண்டு. அப்போதுதான் இன்ஸ்பெக்டர் களத்தில் இறங்கினார். யுத்தத்துக்குப் போய் வந்தவர். கதவை அடைத்து நிற்கும் உடம்பு. அவர் உள்ளங்கைக்குள் பெரிய ரிவால்வர் பொம்மை மாதிரி இருக்கும். மலையாளி. என்னிடம் பேசும்போது பாதி தமிழ், பாதி மலையாளம்.

"எடோ, இதிலே யோசிக்க என்ன உண்டு? வலியது மதி, அது போதும். ஒரு வெடி, ஆள் வீழணும். செறியது கொண்டு ஒருத்தனை வெடிவெச்சா, அவன் நின்னு சாயா குடிச்சிட்டு வந்து நம்மளை அடிப்பான்!"

சப்-இன்ஸ்பெக்டர் விடவில்லை. "சார், ஆள்மேல பட்டாதானே விழுவான்? நம்ம ஆட்கள்ல பாதிப் பேருக்கு அந்த விசைக்கு விரலே எட்டலை."

"அது துப்பாக்கியோட குற்றமில்லை. பழக்கம் போரா, போதலை."

ஒரு வாரம் கேம்ப் முழுக்க இதே பேச்சு. சமையல்கட்டில் கூட இரண்டு கட்சி. சோறு பரிமாறுகிறவர் வலியது கட்சி. சலவைக்காரர் செறியது கட்சி. நான் எந்தக் கட்சி என்று எல்லோரும் கேட்டார்கள். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. துப்பாக்கிகளை அக்கக்காகப் பிரித்துப் பூட்டத் தெரியுமே தவிர, அவற்றை நான் அதிகம் சுட்டதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற துடிப்பில் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

சோதனை நாள் விடிந்தது. போர்ட் கொச்சிக்கு அப்பால் கடலோரத்தில் ஒரு மணல்மேடு. அதற்கு முன்னால் வரிசையாக வாழைமரத் துண்டுகளை நட்டு, அவற்றில் காகிதக் குறிகளை ஒட்டினோம். சூப்பிரண்டு நன்றாகச் சுடுகிறவர்களை அழைக்கவில்லை. ஆள்வரிசையில் நின்றவர்களில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டது போல ஆறு பேரைப் பொறுக்கினார். ஏழாவதாக இன்ஸ்பெக்டர் தானே முன்வந்தார்.

அவர்தான் முதலில் சுட்டார், பெருசால். காது அடைத்தது. வாழைமரம் குலுங்கியது. ஆறும் காகிதத்தில்! கைதட்டினோம். அவர் மீசையைத் தடவிக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

மற்ற ஆறு பேர் சுட்டபோது கதை வேறு. பெருசின் குண்டுகளில் முக்கால்வாசி காகிதத்துக்குக் கீழே மணலைக் கிளப்பின. அதே ஆட்கள் சிறுசை எடுத்ததும் காகிதத்தில் துளைகள் தெரிந்தன. வாழைமரத்தைப் பிளந்து பார்த்தோம். பெருசு அகலமாகக் கிழித்திருந்தது. சிறுசும் மரத்துக்குள் ஆழமாகப் போயிருந்தது.

"கண்டோ? கிழிச்சது வலியதுதானே!" என்றார் இன்ஸ்பெக்டர். "இவங்களுக்குச் சுடத் தெரியலை. அது துப்பாக்கியோட குற்றமா?"

சூப்பிரண்டு என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றே?"

தவறிய குண்டுகள் எல்லாமே கீழே போனதைப் பார்த்தபோதே மனதில் ஒன்று ஓடியது. கிடங்கில் ரிவால்வரைச் சரிபார்க்கும்போது சுட்ட காலித் தோட்டாவைப் போட்டு விசையை அழுத்திப் பார்ப்பேன். அப்போது வெடிக்காது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால்?

"சார், தோட்டாவை நான் போட்டுத் தரேன். அஞ்சு நல்லது, ஒண்ணு சுட்ட காலி. எது எங்கே இருக்குன்னு சுடறவருக்குத் தெரியக்கூடாது. காலி வரும்போது துப்பாக்கி முனையைப் பாருங்க."

சூப்பிரண்டின் புருவம் உயர்ந்தது. "செய்."

முதுகைத் திருப்பிக்கொண்டு போட்டேன். உருளையைச் சுழற்றி மூடிக் கொடுத்தேன். முதல் கான்ஸ்டபிள் பெருசால் சுட்டார். டம். டம். மூன்றாவது 'டிக்'. வெடிக்கவேயில்லை, ஆனால் துப்பாக்கி முனை 'சடக்'கென்று தரையைப் பார்த்துக் குனிந்தது. வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சுட்டவருக்கே வெட்கம். வெடிச்சத்தமும் உதையும் வரப்போகிறதென்று கை முன்கூட்டியே பயந்து குனிகிறது. வெடிக்கும்போது அது யார் கண்ணுக்கும் தெரியாது. வெடிக்காதபோதுதான் குட்டு உடைகிறது. இரண்டாமவருக்கும் குனிந்தது, மூன்றாமவருக்கும் அப்படியே. பிறகு சிறுசில் அதே வேலை. முனை லேசாக ஆடியது. இருவருக்கு அசையவே இல்லை.

சந்தோஷத்தில் எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"எனிக்கு தா. எண்டெ கை குனியாது."

பெருசில் போட்டுக் கொடுத்தேன். அவர் காலை அகட்டி நின்றார். டம். காகிதத்தின் நடுவில். டம். அதற்குப் பக்கத்தில். டம். டம். கடற்காற்றைத் தவிர வேறு சத்தமில்லை. அடுத்தது 'டிக்'.

முனை குனிந்தது. மற்றவர்கள் அளவு இல்லை, இரண்டு விரற்கடை. ஆனால் குனிந்தது. எல்லோரும் பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை.

அவர் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்தது. என்னைத் தூக்கிக் கடலில் போடப்போகிறார் என்றே நினைத்தேன். பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. சிரிக்கிறார்! வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எடா கள்ளா! இத்தனை வருஷம் எண்டெ கை என்னை ஏமாத்தியிருக்கு! யுத்தத்திலே கூட! இன்னும் ஒருக்கா போடு. செறியதிலே போடு."

சிறுசில் போட்டேன். 'டிக்' வந்தபோது முனை கல்லில் பதித்தது போல நின்றது. அவரே முதலில் கூவினார். பிறகு வரிசை முழுக்கக் கூவியது. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார். சூப்பிரண்டு முன்னால் யாரும் அப்படிச் செய்ததில்லை. சூப்பிரண்டும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

திரும்பும் வழியில் இன்ஸ்பெக்டர் மறுபடி வாதத்தை எடுத்தார், ஆனால் இப்போது குரல் வேறு.

"சார், ஒண்ணு சம்மதிக்கணும். பட்ட இடத்திலே வேலை செய்யறது வலியதுதான்."

"சம்மதிச்சேன்," என்றார் சூப்பிரண்டு. "ஆனா நமக்குப் பட்டாளம் மாதிரி எதிரிப்பக்கம்னு ஒண்ணு கிடையாது. சுடற ஆளுக்குப் பின்னால கடைக்காரன் நிப்பான், பள்ளிக்கூடத்துப் பிள்ளை நிக்கும். படாத குண்டு எங்கே போகும்னு யோசிச்சுத்தான் நான் எழுதணும்."

சுக்குக் கிடங்கு வாசலில் ஒடுங்கி நின்ற அந்தப் பெண்கள் என் நினைவுக்கு வந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டருக்கும் வந்திருக்க வேண்டும்.

அறிக்கையை மூன்று நாள் உட்கார்ந்து எழுதினோம். இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல சப்-இன்ஸ்பெக்டர் ஆங்கிலத்தில் எழுதினார். காலித் தோட்டாச் சோதனைக்கு ஒரு முழுப் பக்கம். அதைச் செய்து காட்டியவன் ஆயுதக் கிடங்குக் கான்ஸ்டபிள் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னவர் இன்ஸ்பெக்டர்தான். இரண்டு வகைக்கும் கையில் எத்தனை நல்ல தோட்டா இருக்கிறது, எது செத்தது என்று நான் பிரித்த விவரம் கடைசியில் ஒரு மூலையில் போனது.

பிறகு காத்திருந்தோம். மழை போனது, வெயில் வந்தது. தபால் பை வரும்போதெல்லாம் ஏதோ ஒரு சாக்கில் ஆபீஸ் பக்கம் போய் நிற்பேன். ஒருநாள் எழுத்தர் என்னைப் பார்த்ததும், "வந்நு!" என்றார்.

உத்தரவு ஒரே ஒரு தாள். இனிமேல் எல்லா அதிகாரிகளுக்கும் முந்நூற்று எண்பது. பெருசைத் திருப்பி அனுப்ப வேண்டியது. குதிக்காத குறையாக அடுத்த வரியைப் படித்தேன். காரணம் என்று ஒன்றுதான் இருந்தது: அந்த அளவுத் தோட்டாக்கள் கையிருப்பில் போதுமான அளவு உள்ளன, தொடர்ந்து கிடைக்கவும் செய்யும். வாழைமரம் இல்லை. காலித் தோட்டா இல்லை. இன்ஸ்பெக்டரின் கை இல்லை. மூலையில் கிடந்த என் பட்டியல் மட்டும்தான் அங்கே வேலை செய்திருந்தது.

இன்ஸ்பெக்டருக்குக் கோபமான கோபம். "நம்ம எழுதின எட்டுப் பக்கம் வாசிச்சோ இல்லையோ, ஆருக்கறியாம்!" என்று தாளை மேசையில் அடித்தார். சப்-இன்ஸ்பெக்டர், "வந்தாச்சே சார், வழி எதுவா இருந்தா என்ன?" என்றார். எனக்கு இரண்டும் சரி என்று பட்டது. ஆனால் மனம் துள்ளிக்கொண்டுதான் இருந்தது. துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதென்றால் குண்டின் வேகத்தையும் கனத்தையும் பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து ஆராய்வார்கள் என்று நினைத்திருந்தேன். வெடிக்கிற தோட்டா கையில் இருக்கிறதா, சுடுகிற கை குனியாமல் நிற்கிறதா என்ற இரண்டு கேள்விகளில் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. அந்த இரண்டையும் நான் என் கையால் தொட்டுப் பார்த்திருந்தேன்.

பெரிய ரிவால்வர்களையெல்லாம் கடைசியாக ஒருமுறை துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். லாரி ஏறும்போது இன்ஸ்பெக்டர் வந்து பெட்டியைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரமே புதுத் தோட்டாக்கள் ஈயம் பற்றவைத்த தகரப் பெட்டிகளில் வந்தன. வெட்டித் திறந்தபோது உள்ளே ஒரு பொட்டுப் பச்சை கிடையாது. அலமாரியில் இப்போது ஒரே தட்டு போதும்.

அந்த வருஷத்துச் சுடும் பயிற்சிக்கு மணல்மேட்டில் எல்லோரும் கூடினோம். வழக்கம்போல நான் பின்னால் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். ஆயுதக் கிடங்குக்காரன் பெயர் சுடுகிறவர்கள் பட்டியலில் வருவதில்லை. வரிசை முடிந்ததும் சூப்பிரண்டு கேட்டார், "நீ சுட்டியா?"

"இல்ல சார்."

"வா."

ஆறு தோட்டாக்களை நானே போட்டுக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் உரக்க எண்ணத் தொடங்கியது. "ஒண்ணு!" மரத்தில் பட்டது தெரிந்தது. "ரெண்டு!" இப்போது எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். மூன்று, நாலு, ஐந்து. ஒவ்வொன்றும் வெடித்தது, ஒவ்வொரு முறையும் கையில் அளவான ஒரு உதை. ஆறாவது முடிந்து கையை இறக்கியபோதுதான் நான் இத்தனை நேரமும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பிய்த்து எடுத்து ஓடி வந்தார்.

"நாலு!" என்று கத்தினார். "நாலு பட்டிருக்கு! மொதல் தடவை எனக்கு ரெண்டுதான்!"